மஞ்சூர்க் குளிருக்கு எந்தக் கையுறை?

மஞ்சூரில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கை அதிகம் விறைப்பது ஜனவரியில் அல்ல, ஜூலையில். வெளியூர்க்காரர்கள் இதைச் சட்டென்று நம்புவதில்லை. நீலகிரிக் குளிர் என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது தை மாதக் காலையில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்துப் புல் வெளுத்துக் கிடக்கும் பத்திரிகைப் படம்தான். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கையுறையும் வாங்குகிறார்கள்: உள்ளே பஞ்சு அடைத்தது, பார்க்கப் பொம்மைக் கரடியின் கைபோல இருப்பது. ஆறு மாதம் கழித்துக் குந்தாப் பக்கத்துச் சாரலில் அதே கையுறை நனைந்த தலையணையாகிவிடுகிறது. நானும் அப்படி ஒன்றை வாங்கி, கைகாட்டி இறக்கத்தில் பிரேக்கை எந்த விரலால் பிடித்திருக்கிறேன் என்று தெரியாமல் இறங்கியவன்தான்.

குளிர்காலச் சைக்கிள் கையுறை பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே கேள்வி எளிது. வெப்பமானி எத்தனை டிகிரி காட்டுகிறது? பத்துக்கு ஒரு கையுறை, ஐந்துக்கு ஒன்று, பூஜ்யத்துக்குக் கீழே இன்னொன்று. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மஞ்சூருக்கு இந்தப் படிக்கட்டு பொருந்தவில்லை. இங்கே காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே மூன்று படி மாறிவிடும். கோயம்புத்தூர் பக்கம் இறங்கினால் ஒரே பயணத்தில் படிக்கட்டே முடிந்துவிடும். எனவே வெப்பமானியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்கலாம்: கை நனையுமா? பிரேக் பிடிக்க முடியுமா?

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சங்க அகப்பாடல் மரபில் கையுறை என்றால் தலைவன் தலைவிக்காகக் கொண்டுவரும் தழை, பூ முதலான அன்பளிப்பு. குறுந்தொகையின் முதல் பாட்டுக்குரிய துறையே ‘தோழி கையுறை மறுத்தது’ என்பதுதான். குன்றில் காந்தள் நிறைந்து கிடக்க, நீ எதற்கு வேறு கொண்டுவருகிறாய் என்ற தொனியில் மறுக்கிறாள். மலையில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் கையுறை அவசியந்தானா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். கையில் மாட்டும் உறை என்ற இன்றைய பொருளில் மஞ்சூரில் யாரும் கையுறை என்று சொல்வதுமில்லை. கடையிலும் பஸ்ஸிலும் அது கிளவுஸ்தான்.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. ஒன்று ஈரக் குளிர், மற்றது பனிக் குளிர். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்காத அந்த நுட்பம் கையுறை வாங்குகிறவனுக்கும் வேண்டும். மஞ்சூருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு ஈரக் குளிரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் குந்தா வட்டாரம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றை முகத்தில் வாங்குகிறது. மேல்பவானியும் அவலாஞ்சியும் அணைகளாக இருப்பது இதனால்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னை ஓராண்டில் சராசரியாகப் பெறுவதில் பாதிக்கும் மேல்.

உறைபனி விழ வேண்டுமானால் வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அசையாமல் இருக்க வேண்டும். நிலம் தன் சூட்டை இரவெல்லாம் வானத்துக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்துக்கு வடிகிறது. அதனால்தான் ஊட்டியில் காந்தள், தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களும் அவலாஞ்சிப் பள்ளத்தாக்கும் வெளுக்கின்றன. மேட்டுச் சரிவுகள் தப்பிவிடுகின்றன. தேயிலை கருகுவதும் இந்தக் கணக்குப்படிதான். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக வருகிறவர்கள் இதைத் தோலிலேயே உணரலாம். காய்கறித் தோட்டங்கள் விரிந்து கிடக்கும் பள்ளத்தில் விரல் சுரீரென்கிறது. மேடேறியதும் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இதமாகிறது. இந்தக் குளிரில் ஒரு நல்ல குணம் உண்டு. கையுறை உலர்ந்தே இருக்கும். காற்றும் நம் வேகத்தால் உண்டாவது மட்டுமே. வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறையும். எட்டரை மணி வெயில் பட்டதும் எல்லாம் முடிந்துவிடும்.

ஜூலை அப்படியல்ல. வெப்பமானி பன்னிரண்டு, பதின்மூன்று என்று சாதுவாக நிற்கும். ஆனால் மேகம் சாலைமட்டத்தில் தவழ்ந்து, மழை என்றும் சொல்ல முடியாத சாரல் நாள் முழுக்கக் கையுறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு விடுவதில்லை, ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவும் அதைவிடக் குறைந்த வெப்பம் போதும். நனைந்த கையுறையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவன், கொளுத்தும் கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குச் சொல்லப்படும் அதே காரணத்தால் குளிர்கிறான். பானைக்கு நல்லது, விரலுக்கு அல்ல.

காற்றுக் குளிர்ச்சி என்று ஒரு கணக்கு உண்டு. அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் குப்பியில் நீர் உறைய எத்தனை நேரமாகிறது என்று அளந்ததிலிருந்து 1945-இல் வெளிவந்தது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. புதிய சூத்திரப்படி 5 டிகிரியில் மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று அடித்தால் 3 டிகிரிபோல் தோன்றும்; 30 கிலோமீட்டர் அடித்தால் பூஜ்யம்போல்; 2 டிகிரியில் 40 கிலோமீட்டர் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 5. ஏற்றத்தில் பத்து, இறக்கத்தில் நாற்பது என்று போகும் நமக்கு இந்த எண்கள் ஒரு திசையைக் காட்டும், அவ்வளவே. அந்தச் சூத்திரம் நடந்துபோகிறவரின் உலர்ந்த முகத்தை வைத்துப் போட்டது. நனைந்த விரலுக்கு அதில் இடமில்லை. இணையத்திலும் விளம்பரங்களிலும் ‘மைனஸ் ஐந்து வரை தாங்கும்’ என்று அச்சிட்ட கையுறைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலர்ந்த மைனஸ் ஐந்தைத் தாங்கும் கையுறை மஞ்சூரின் ஈரப் பன்னிரண்டைத் தாங்காமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காற்று எவ்வளவு அடித்தாலும் உலர்ந்த பொருளைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறக்காது. ஆகவே பூஜ்யத்துக்கு மேலுள்ள குளிரில் விரல் உறைந்து கருகிப்போகும் ஆபத்து இல்லை. நம் ஆபத்து வேறு. விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்குகின்றன. 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே மங்கிவிடுகிறது. கெத்தைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏதோ ஒன்றின் மூலையில் யானை நின்றாலும் நிற்கும். இந்த வழியில் பஸ்ஸை யானை மறித்த செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. அங்கே தொடு உணர்வு மங்கிய விரலுக்கு விலை அதிகம்.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. நரம்புக் கயிறுகள்போன்ற தசைநாண்கள் வழியாக அவை விரலை இழுக்கின்றன. விரலில் சூட்டை உண்டாக்கும் தசை அநேகமாக இல்லாததால் அது இரத்தம் கொண்டுவரும் சூட்டையே நம்பியிருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் உயிர்நிலையைக் காக்க முதலில் வெட்டப்படுவது இந்த ரேஷன்தான். ‘கை குளிர்ந்தால் குல்லா போடு’ என்ற பழைய மலைவாசிப் பேச்சு வெறும் பேச்சல்ல. நெஞ்சும் தலையும் முன்கையும் மூடியிருந்தால் நடுத்தரக் கையுறையே போதும். திறந்த கழுத்தோடு, அரைக்கை பனியனோடு கிளம்புகிறவனை உலகின் விலையுயர்ந்த கையுறையும் காப்பாற்றாது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. கையுறைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே இரண்டு விரல்கடை வெறும் தோல் தெரிந்தால் அங்கேதான் கசிவு.

சைக்கிள் பந்தய வரலாறு இதைப் பற்றிப் பேச இரண்டு நாட்களைத் தந்திருக்கிறது. 1980 ஏப்ரல் 20 அன்று பெல்ஜியத்தில் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம் பனிப்புயலில் நடந்தது. 174 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் முந்தி வென்ற பெர்னார் இனோவின் இரண்டு விரல்கள் அதன்பிறகு குளிரைச் சகிக்காதவையாகிவிட்டன. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியப் பந்தயத்தில், 2,600 மீட்டருக்கு மேலுள்ள காவியா கணவாயில் பனி கொட்டியது. அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முன்னிலை வீரருக்குரிய மேலாடையைப் பறித்து, பின்னர் பந்தயத்தையே வென்றார். அவருடைய அணியினர் அன்று காலை உள்ளூர்க் கடைகளில் கிடைத்த குளிர்ச் சாமான்களையெல்லாம் வாங்கிவந்திருந்தார்கள். அவர் கையில் இருந்தது சைக்கிள் கையுறை அல்ல. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் போடும் நியோப்ரின் கையுறை. நனையும் என்று ஒப்புக்கொண்டு வாங்கிய கையுறை அது. மஞ்சூருக்குப் பாடம் இனோவிடம் அல்ல, ஹாம்ப்ஸ்டனிடம் இருக்கிறது என்பது என் கட்சி.

இனிக் கடைக்குள் போகலாம்.

ஊட்டியில் பொட்டானிக்கல் கார்டன் அருகே திபெத்தியர் மார்க்கெட்டில் பின்னல் கையுறை கிடைக்கிறது. மலை மக்கள் பெரும்பாலும் போடுவது அதைத்தான். இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. உண்மையான ஆட்டுக் கம்பளியாக இருந்தால், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. நனைந்தபின் பிழிந்து போட்டாலும் ஓரளவு சூடு தரும். குறை, பின்னலின் ஓட்டைகள். ஏற்றத்தில் இதமாக இருக்கும் கையுறை இறக்கத்தில் சல்லடையாகிவிடும். விலை மலிந்தவற்றில் பல அக்ரிலிக் நூல், கம்பளி அல்ல. ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டிமணியாகும். கடைக்காரர் முன்னால் செய்ய வேண்டாம். பருத்திக் கையுறை எந்த மாதத்துக்கும் ஆகாது. வியர்வையையே உறிஞ்சிக் குளிர்ந்துவிடும்.

பிளீஸ் துணி லேசானது, சீக்கிரம் உலரும், காற்றைத் தடுக்காது. உறைபனிக் காலையில் பின்னலைவிட ஒரு படி மேல், சாரலில் இரண்டும் ஒன்றுதான். கோவையில் டெகாத்லான் போன்ற பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் சைக்கிள் கையுறைகளில் பல, புறங்கையில் காற்றுத் தடுப்புத் துணியும் உள்ளங்கையில் மெத்தையும் வைத்தவை. தை மாதத்துக்கு இவை சரியான பொருள். உள்ளங்கை மெத்தை ஆடம்பரமல்ல. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஒரு நரம்பு எலும்பிடுக்கில் ஓடுகிறது. கைப்பிடி அதை அழுத்தினால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். பலர் இதைக் குளிர் என்று நினைத்து இன்னும் தடித்த கையுறை வாங்குகிறார்கள். கையை இடம் மாற்றிப் பிடித்ததும் சரியானால் அது குளிரால் வந்ததல்ல.

அடுத்து வருவது ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதிய வகை. இதில்தான் பணமும் ஏமாற்றமும் அதிகம். 1969-இல் பாப் கோர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துக் கண்டுபிடித்த நுண்துளைப் படலம் 1976-இல் கோர்டெக்ஸ் துணியாகச் சந்தைக்கு வந்தது. நீர்த்துளி உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும் என்பது அதன் வாக்கு. மேற்சட்டையில் வாக்கு ஓரளவு நிறைவேறுகிறது. கையுறையில் சிக்கல். படலம் பெரும்பாலும் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே தொங்கும் தனிப் பை. வெளித்துணி நனைந்துவிட்டால் படலம் சுவாசிக்க முடியாது. உள்ளே வியர்வை தேங்கும். வெளித்துணி குடித்த நீர் ஆவியாகிக்கொண்டே கையைக் குளிர்விக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் நுழையாமலே கை நனைந்து விறைக்கும். கழற்றும்போது ஈரக் கையோடு உள்துணியும் விரல்விரலாக வெளியே வந்துவிடும். மறுபடி உள்ளே தள்ள ஒரு யுகமாகும். இதையெல்லாம் மீறி நல்லவை உண்டு. விலை கண்ணைக் கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு அவை போதும் என்பதற்கு மேல் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

நியோப்ரின் வேறு வழியில் யோசிக்கிறது. நனையாமல் காப்பேன் என்று சொல்லாது; நனைந்தபின்னும் சூடு காப்பேன் என்கிறது. சிறு குமிழ்கள் நிறைந்த ரப்பர் அது. உள்ளே வரும் நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகிப் படிந்துவிடும். ஏற்றத்தில் வியர்த்துத் தள்ளும், நாற்றமும் அடிக்கும். ஆனால் ஆடி மாதச் சாரலில் மஞ்சூரிலிருந்து குந்தா பாலத்துக்கு இறங்குகிறவனுக்கு இதற்கு இணையான பொருளை நான் கண்டதில்லை. இதன் ஏழைத் தம்பி ஒன்று உண்டு: மீன், காய்கறி வேலைக்கான முழு ரப்பர் கையுறை. ஜப்பானில் ஷோவா நிறுவனம் குளிர் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்காகச் செய்யும் டெம்ரஸ் 282 என்ற நீலக் கையுறையை மலையேறுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் சுவீகரித்துக்கொண்டார்கள். நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் கையுறை அவ்வளவு நுட்பமானதல்ல. ஆனாலும் ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை வெட்கப்பட வைக்கும். அழகில்லை. சாலையோரத்தில் கேரட் கழுவுகிறவர்கள் நம்மையும் வேலைக்கு வந்தவராக எண்ணிக் கையசைப்பார்கள்.

தொழிலாளர் கையுறைகளில் சைக்கிள் கையுறைகளில் காணக்கிடைக்காத ஒரு நேர்மை உண்டு. ஐரோப்பாவில் குளிர்க் காப்புக் கையுறைகளுக்கு ஈஎன் 511 என்ற தரநிலை இருக்கிறது. கையுறையில் பனித்துகள் படமும் கீழே மூன்று குறிகளும் அச்சாகியிருக்கும். முதலாவது காற்றுக் குளிருக்கு, பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு, அதுவும் நான்கு வரை. மூன்றாவது நீர்; ஒன்று என்றால் நீர் புகவில்லை, பூஜ்யம் என்றால் புகுந்தது. சோதிக்கவேயில்லை என்றால் பெருக்கல் குறி. மஞ்சூர்க்காரர் இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

தோல் கையுறை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மழைக்குப்பின் அடுப்படியில் காயவைத்தால் அப்பளமாகிவிடும். மின்கலத்தால் சூடாகும் கையுறைகளும் வந்திருக்கின்றன. நோயாளிகளுக்கு உதவும், மற்றவர்களுக்கு இன்னொரு சார்ஜர்.

தடிமன் கூடக்கூடச் சூடு கூடும் என்பது முதுகுக்கு உண்மை, விரலுக்கு முழுதும் உண்மையல்ல. விரல் மெல்லிய உருளை. அதைச் சுற்றிப் பஞ்சு ஏற ஏற, வெப்பத்தை வெளியே விடும் புறப்பரப்பும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்குமேல் கிடைக்கும் லாபம் சொற்பம். விரல்களை ஒன்றாகச் சேர்த்து வைப்பதே மேல். கட்டைவிரல் மட்டும் தனியாக உள்ள பைக் கையுறையில் விரல்கள் ஒன்றுக்கொன்று அடுப்பாகின்றன. பிரேக் பிடிக்க முடியாதே என்பவர்களுக்காக வந்தது நண்டுக் கொடுக்கு வடிவம்: இரண்டிரண்டு விரல்களுக்கு ஓர் அறை. கனடாவில் அதற்கு வேலை உண்டு. நம் குளிருக்கு அது அதிகம், நம் வளைவுகளுக்கு அது குறைவு. கையை அல்ல, கைப்பிடியையே மூடும் பெரிய உறைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. உள்ளே வெறுங்கையோடுகூட ஓட்டலாம். காற்றும் சாரலும் கைக்கு வராது. நேர்க் கைப்பிடி உள்ள சைக்கிளில் நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு இது நல்ல யோசனை. ரெக்சின் தைக்கிற எந்த டெய்லரும் இதைத் தைத்துக்கொடுத்துவிடுவார். அவசரத்தில் கையை உருவுவதைப் பலமுறை பழகிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சூடு தருவது துணியல்ல, அதில் சிக்கியிருக்கும் அசையாக் காற்று. இறுகிய கையுறை அந்தக் காற்றைப் பிழிந்துவிடுகிறது, இரத்தத்தையும் நெரிக்கிறது. முஷ்டி மடக்கினால் விரல் நுனி முட்டக்கூடாது, விரலிடுக்குகள் இழுக்கக்கூடாது. இரண்டு ஜோடி அடுக்கிப் போடுவதானால் வெளிக் கையுறை கட்டாயம் ஓர் அளவு பெரிது. மணிக்கட்டுப் பகுதியை ஸ்வெட்டர் கைக்கு மேலே விடுவதா உள்ளே விடுவதா என்பது பழைய வழக்கு. பனி தூவும் ஊரில் மேலே. நமக்கு உள்ளே. சைக்கிளில் முன்கை கைப்பிடியை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழைக்கோட்டின் கைவழியே ஓடிவரும் நீர் நேராகக் கையுறையின் வாய்க்குள் இறங்கும். கையுறையின் வாயைக் கோட்டுக்குள் ஒளித்தால் நீர் வெளியே சொட்டிப் போகும். ஒரு பைசாச் செலவில்லாத இந்தச் சீர்திருத்தம், என் அனுபவத்தில், ஆயிரம் ரூபாய்க் கையுறை மாற்றத்துக்குச் சமம்.

கைகாட்டியில் ஒரு டீக்கடை அக்கா என் சொட்டும் கையுறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, ஈரத் துணியக் கையில கட்டிக்கிட்டுப் போறீங்க? கழட்டி எறியுங்க. வெறுங்கையே மேலு.” கொழுந்து பறித்த காலத்தில் விரலில் துணி சுற்றிப் பார்த்து, சாரலில் அதை அவிழ்த்துப் போட்டவராம். நடக்கிறவருக்கும் பறிக்கிறவருக்கும் அவர் சொன்னது சரி. கை அசைந்துகொண்டே இருக்கும். காற்று வேகம் குறைவு. தளிரின் மென்மை விரலுக்குத் தெரிந்தாக வேண்டும். சைக்கிள்காரன் கை ஒரே இடத்தில் காற்றுக்கு நேராக நிற்கிறது. அவன் கழற்றி, நன்றாகப் பிழிந்து, மறுபடி போட வேண்டும். கையில் இன்னொரு உலர்ந்த ஜோடி இருந்தால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை. அக்காவின் கடையில் அடுப்போரம் கையுறை காயவைத்த கம்பியில் இன்னும் என் தடம் இருக்கலாம்.

உலர்ந்த இரண்டாம் ஜோடி என்பதே இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய முழு விடை. 2008-இலிருந்து டிசம்பரில் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தில் மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற்றத்தை மிதித்து வருகிறவர்களைப் பார்த்தால் புரியும். 36 கொண்டை ஊசி வளைவுகளையும் அரைவிரல் கையுறையோடு, பலர் வெறுங்கையோடு, வியர்த்து ஒழுகி ஏறுகிறார்கள். அதே ஆள் மறுபக்கம் இறங்கும்போது வியர்வை ஈரத்தோடு இறங்கினால் பத்தாவது நிமிடம் பல் கிட்டிக்கும். மஞ்சூரில் இதன் மறுபதிப்பு கெத்தை சாலை. மேலே ஆறு டிகிரியில் கிளம்பி வெள்ளியங்காடு, காரமடை சமவெளியைத் தொடும்போது 1,500 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்போம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால், உயரத்தால் மட்டும் பத்து டிகிரி கூடுகிறது. அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். இதற்கு ஒரே கையுறை கிடையாது. மெல்லிய உள் ஜோடியும் காற்று, நீர் தடுக்கும் வெளி ஜோடியுமாகக் கிளம்பி, வழியில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதுதான் வழி. ஏறும்போது வெளி ஜோடியைக் கழற்றிவிட வேண்டும். விறைத்தபிறகு மாட்டலாம் என்று இருக்காமல், உச்சியில் நின்று இறங்குமுன் மாட்ட வேண்டும். விறைத்த கையால் கையுறை மாட்டுவது ஊசியில் நூல் கோக்கிற வேலை.

அவசரத்துக்குக் கைமேல் கேரி பை மாட்டிக்கொள் என்பது வெளிநாட்டு அறிவுரைகளில் தவறாமல் வரும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு, அபராதமும் உண்டு. பழைய ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் கணவாய் உச்சியில் வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்ட செய்தித்தாள் இங்கும் செல்லும். டீக்கடையில் நேற்றைய பேப்பரைக் கேட்டால் கொடுக்கிறார்கள். காலுக்குரிய கம்பளிச் சாக்ஸைக் கைக்கு மாட்டுவதும் உண்டு. பிரேக்கில் வழுக்கும். ஏற்றத்துக்கு மட்டும்.

ஒரு மருத்துவக் குறிப்பு. குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளையாகி, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து குத்தெடுத்தால் அது வெறும் கூச்சமல்ல. 1862-இல் மோரீஸ் ரேனோ விவரித்த இரத்தக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். இத்தகையவர்களுக்கு மேலே சொன்ன சிக்கனம் எதுவும் பொருந்தாது. மருத்துவரைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரு படி தடித்ததை வாங்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் குழாய்களை இன்னும் சுருக்கும். குளிருக்கு இதமாக ஒரு தம் என்பது விரலுக்குச் செய்யும் துரோகம்.

தமிழக அரசு மலைப்பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலணி, காலுறை கொடுக்கிறது. நல்ல பட்டியல்; மலையைத் தெரிந்தவர் யாரோ எழுதியது. மேல் வகுப்புக்குப் போனால் அதே அரசு சைக்கிளும் தருகிறது. சைக்கிளையும் மழைக்கோட்டையும் ஒரே கையில் பிடிக்கும் ஊரில், அந்தக் கைக்கு ஒன்றுமில்லை. பட்டியலில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையைச் சேர்ப்பது பெரிய செலவாகாது.

என் தீர்ப்பு இது. தை மாதத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர் காற்றுத் தடுப்பும் உள்ளங்கை மெத்தையும் உள்ள நடுத்தரக் கையுறை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆண்டு முழுக்க ஓட்டுகிறவர் மெல்லிய உண்மைக் கம்பளி ஜோடி இரண்டு, அவற்றின்மேல் தளர்வாக ஏறும் ரப்பர் அல்லது நியோப்ரின் ஜோடி ஒன்று வாங்கட்டும். ‘மைனஸ்’ என்று அச்சிட்டது எதற்கும் கூடுதல் காசு தர வேண்டாம். கடைக்குச் சைக்கிளிலேயே போங்கள். கையுறையை மாட்டிக்கொண்டு மேசைமேல் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். வெளியே வந்து இரண்டு பிரேக்கையும் இரண்டே விரலால் கடைசிவரை இழுத்து, விட்டுப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.